அரை ஸ்பூன் யூரியா

முதல் தொட்டியில் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. இரண்டாவது தொட்டியிலும் அப்படித்தான். பன்னிரண்டாவது தொட்டி வரைக்கும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது இராஜமாணிக்கத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நெஞ்சும் கொஞ்சம் பிடித்த மாதிரிதான் இருந்தது.

"சகுந்தலா! கொஞ்சம் மாடிக்கு வாயேன்!"

சகுந்தலா தோசைக் கரண்டியும் கையுமாக மொட்டை மாடிக்கு வந்தாள். செடிகளைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க இது, அப்பளம் சுட்ட மாதிரி இருக்கு?"

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. லேசா வாட்டமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நீங்க எதையாவது நோண்டுனீங்களா?"

இராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலை வானத்தில் அவருக்கு உதவுகிற மாதிரி எதுவும் தென்படவில்லை.

"அரை ஸ்பூன் யூரியா போட்டேன்."

"எல்லாத்துக்கும் சேர்த்தா?"

"தொட்டிக்கு அரை ஸ்பூன்."

"ஐயையோ! தண்ணி மட்டும் ஊத்துங்கன்னுதானே அந்தம்மா சொல்லிட்டுப் போச்சு!"

அந்தம்மா என்றால் வீட்டுச் சொந்தக்காரி சுதேஷ்ணா தீதி. வங்காளிகளுக்கு அக்கா என்றால் தீதி, அண்ணன் என்றால் தாதா. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பள்ளிக்கூடத்திலிருந்துதானே தவிர, அதட்டலிலிருந்து இல்லை. கீழ்த்தளத்தில் அவர், முதல் மாடியில் இராஜமாணிக்கம் குடும்பம், மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டி சாமந்தி. நம்மூர்ப் பூக்கடையில் முழம் போடுகிற சாமந்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தண்டுக்கு ஒரே பூ, குழந்தையின் தலை அளவுக்கு. டாலிகஞ்சின் அந்தப் பேட்டையில் வருஷா வருஷம் நடக்கிற பூக்காட்சியில் ஆறு வருஷமாக முதல் பரிசு தீதிக்குத்தான். கடுகுப் பிண்ணாக்கை வாரக்கணக்கில் ஊறவைத்து, மூக்கைத் துளைக்கிற அந்தத் தண்ணீரை அளந்து அளந்து ஊற்றி வளர்த்த செடிகள்.

டிசம்பரில் செடியை விட்டு நகராத தீதி, இந்த வருஷம் என்ன நினைத்தாரோ, சனிக்கிழமை சாயங்காலம் திடீரென்று பூரி கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது மாடிச் சாவியை இராஜமாணிக்கத்தின் கையில் வைத்து அழுத்தினார்.

"ராஜ்பாபு, ஒரு வாரம். உங்களை விட்டால் யாரை நம்புவேன்? நீங்கள் உர விஞ்ஞானி ஆயிற்றே!"

அங்கேதான் வம்பு. இராஜமாணிக்கம் உரக் கம்பெனியில் வேலை பார்ப்பது உண்மை. இருபத்தாறு வருஷமாகப் பார்ப்பதும் உண்மை. ஆனால் அவர் பார்ப்பது பெர்சனல் டிபார்ட்மெண்டில் லீவு ஃபைல். யூரியா மூட்டையை அவர் தொட்டதில்லை. யூரியா மூட்டை ஏற்றுகிறவரின் மருத்துவ விடுப்பைத்தான் தொட்டிருக்கிறார். வீடு தேடி வந்த அன்றைக்கு, "உரக் கம்பெனியா? விஞ்ஞானியா?" என்று தீதி கண்கள் விரியக் கேட்டபோது, இவர் நம்மூர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஒரு ஆட்டு ஆட்டினார். தீதி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். வீடும் கிடைத்துவிட்டது. மூன்று மாசம் தரகர்களோடு தெருத் தெருவாக அலைந்த மனிதர் அப்புறம் எதற்காகத் திருத்தப் போகிறார்?

அதோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனியின் விருந்தினர் கையேட்டுக்கு எழுத்துப்பிழை பார்த்தவர் என்பதால் அதிலிருந்ததை அப்படியே தீதியிடம் ஒப்பித்தார். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறோம், இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறோம், இரண்டையும் இரும்பு ஊக்கியின் மேல் விட்டுச் சூட்டிலும் அழுத்தத்திலும் நெருக்கினால் அமோனியா. அதோடு கரியமில வாயுவைச் சேர்த்து இன்னும் நெருக்கினால் யூரியா. உருகிய யூரியாவை இருபது மாடி உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தூவுவோம், கீழே வருவதற்குள் ஆறி முத்து முத்தாக விழும் என்று கையை உயர்த்தித் தூவியும் காட்டினார். "தீதி, உங்க பிண்ணாக்குல நூத்துக்கு அஞ்சு பங்கு நைட்ரஜன். எங்க யூரியால நாப்பத்தாறு!" தீதி உதட்டைப் பிதுக்கினார். ரசாயனத்தை என் செடிப்பக்கமே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அன்றிலிருந்து தெருவில் எல்லோரிடமும் 'எங்கள் வீட்டு விஞ்ஞானி' என்றுதான் அறிமுகம்.

"டிசம்பர் முப்பத்தொண்ணோட அக்ரிமெண்ட் முடியுது. ஞாபகம் இருக்கா?" என்றாள் சகுந்தலா. "பெங்களூர்லருந்து தம்பி மகன் வர்றான், மாடி தேவைப்பட்டாலும் தேவைப்படும்னு அந்தம்மா ரெண்டு தரம் சொல்லியாச்சு. பிப்ரவரியில சஹானாவுக்கு போர்டு எக்ஸாம். பரீட்சை நேரத்துல மூட்டை முடிச்சோட புள்ளையக் கூட்டிட்டு எங்க போறது?"

இராஜமாணிக்கத்துக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. தீதி திரும்பி வரும்போது செடி பளபளவென்று நின்றால், அந்தச் சந்தோஷத்திலேயே கையெழுத்து வாங்கிவிடலாம் என்றுதானே அரை ஸ்பூன் போட்டதே! கம்பெனி பொன்விழாவில் கொடுத்த யூரியா ஜாடி, பதினோரு வருஷமாக மேஜைமேல் காகிதம் பறக்காமல் காவல் காத்தது. அதை முதன்முதலாக முந்தின நாள் சாயங்காலம்தான் திறந்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதே. யூரியா தண்ணியில கரையும். கழுவி விட்டுட்டாப் போச்சு."

தொட்டிக்கு நாலு வாளி. மாடி அழுக்காகக் கூடாது என்பதற்காகத் தொட்டிக்குக் கீழே இருந்த தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு ஊற்றினார். தட்டு நிரம்பி வழிந்து, செம்மண் குழம்பாக மாடிக் குழாய் வழியே பாய்ந்து, அடுத்த வீட்டு கோஷ் பாபு வெயிலில் உலர்த்தியிருந்த பஞ்சு மெத்தைப் போர்வைகளின்மேல் போய் விழுந்தது.

"ராஜ்பாபு! என்ன இது?" என்று கீழேயிருந்து ஒரு கூச்சல்.

"சத்துத் தண்ணி தாதா! சத்து!" என்று மேலேயிருந்து ஒரு பதில்.

மறுநாள் காலை செடிகள் இன்னும் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. இராஜமாணிக்கம் ஆபீசுக்குப் போனதும் கார்டைக்கூடத் தேய்க்காமல் நேரே நாலாவது மாடிக்கு ஏறினார். அங்கே மண் பரிசோதனைக் கூடத்தில் சுந்தரவல்லி இருந்தாள். மதுரைப் பெண். கம்பெனியில் நிஜமான விஞ்ஞானி.

"சுந்தரவல்லி, ஒரு நண்பர் வீட்டுல ஒரு செடி..."

"எவ்வளவு போட்டீங்க சார்?"

இராஜமாணிக்கம் நண்பரைக் கைவிட்டார். "அரை ஸ்பூன். வேப்பெண்ணெய் பூசின யூரியா மெதுவாத்தானே கரையும்?"

"எங்க வாங்குனது?"

"பொன்விழா ஜாடி."

"அது வேப்பெண்ணெய் ஏற்பாடு வர்றதுக்கு முந்தின சரக்கு சார்." சுந்தரவல்லி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மாங்காயில உப்பைப் போட்டா தண்ணி விட்டுக்குதுல்ல? அதே கதைதான். மண்ணுல யூரியா அதிகமாயிட்டா வேருல இருக்கிற தண்ணிய வெளிய இழுத்துரும். பாதி அமோனியாவா மாறி வேரையும் சுட்டுரும். ஆனா ஒண்ணு சார், அரை ஸ்பூனுக்கு இப்படியெல்லாம் கருகாது. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது, நிஜமா எவ்வளவு போட்டீங்க?"

"எங்க அம்மா சத்தியமா அரை ஸ்பூன்!"

"சரி, தண்ணி ஊத்துனது நல்லதுதான். கீழ வடிஞ்சுதா?"

"தட்டுல நின்னுச்சு."

சுந்தரவல்லி நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "கழுவுன யூரியாவையே திரும்ப உறிஞ்சுக் குடிக்க வச்சிருக்கீங்க. தட்டை எடுங்க, நிழல்ல வைங்க, நல்லா வடியட்டும். வேற எதையும் போடாதீங்க. சார், திரும்பச் சொல்றேன், வேற எதையும் போடாதீங்க."

இராஜமாணிக்கம் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சுந்தரவல்லி கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் சாயங்காலம் மெட்ரோவில் வரும்போது அவருக்குக் கையேட்டின் ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. 'யூரியாவைத் தொடர்ந்து இடுவதால் மண்ணில் அமிலத்தன்மை கூடும். சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்யலாம்.' அவரே எழுத்துப்பிழை திருத்திய வரி. தொடர்ந்து என்றால் பல வருஷம் என்பதை அவர் யோசிக்கவில்லை. அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! காளிகாட்டில் இறங்கி, லேக் மார்க்கெட்டுக்கு நடந்து, இரண்டு கிலோ சுண்ணாம்புத் தூள் வாங்கிக்கொண்டு வந்தார். திருநீறு மாதிரி ஒவ்வொரு தொட்டியிலும் தாராளமாகத் தூவி, கிளறிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் மூக்கு எரிந்தது. அப்புறம் கண் எரிந்தது. அப்புறம் அந்த நாற்றம். சியால்தா ஸ்டேஷன் கழிவறைகள் அத்தனையும் ஒன்றுகூடி மாநாடு போட்ட மாதிரி ஒரு நாற்றம், படியிறங்கி வீட்டுக்குள் வந்தது.

சஹானா வேதியியல் புத்தகத்தைப் போட்டுவிட்டு, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தாள்.

"அப்பா! ஏ கீ கோர்லே! என்ன பண்ணீங்க?"

"சுண்ணாம்பு போட்டேம்மா. அமிலத்தை முறிக்க."

"அமோனியம் இருக்கிற இடத்துல காரத்தைப் போட்டா அமோனியா கேஸ் வரும்பா! எங்க ஸ்கூல் லேப்ல அமோனியம் இருக்கான்னு கண்டுபிடிக்கிற டெஸ்டே இதுதான்!"

"அப்ப டெஸ்ட்ல பாஸாயிட்டோம்" என்றாள் பின்னாலேயே வந்த சகுந்தலா. மூக்கைப் பிடித்திருந்ததால் குரல் எங்கிருந்தோ வந்தது.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் தெருவே கூடிவிட்டது. செப்டிக் டேங்க் உடைந்துவிட்டது என்றார் ஒருவர். பூனை செத்துக் கிடக்கிறது என்றார் இன்னொருவர். போர்வைக் கோபம் இன்னும் ஆறாத கோஷ் பாபு மட்டும் மேலே அண்ணாந்து பார்த்தார்.

"ராஜ்பாபு, உங்கள் மாடியிலிருந்துதான் வருகிறது."

"ஆமா தாதா. இது... ஃபேக்டரி முறை. மூணு நாள்ல போயிடும்."

"நாங்கள் அதற்கு முன்னால் போய்விடுவோம்!"

அன்றைக்கு அவர் ஆபீசுக்கு லீவு போட்டார். தன் லீவுக் கடிதத்தைத் தானே வாங்கித் தானே பதிவு செய்கிற வசதி இருந்தும், காரணம் என்று எழுதுகிற இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சஹானா, காரத்தை முறிக்க என்னம்மா வேணும்?"

"அமிலம். ஆனா அப்பா, வேண்டாம்ப்பா. தயவுசெஞ்சு..."

"வீட்டுல என்ன அமிலம் இருக்கு?"

வீட்டில் ஒன்றரைக் கிலோ புளி இருந்தது. ஊரிலிருந்து வந்த புதுப்புளி, வருஷத்துக்கு வைத்திருந்தது. சகுந்தலா டப்பாவைக் கட்டிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். "வீடே போகப் போகுது, புளி பெருசா?" என்று அவர் கேட்டதும் டப்பா கை மாறியது. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன!

வாளியில் புளியைக் கரைத்து, வடிகட்டி, தொட்டி தொட்டியாக ஊற்றினார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், நாற்றம் பாதிக்குப் பாதி குறைந்தது. ஆனால் பன்னிரண்டு தொட்டியும் பன்னிரண்டு ரசப் பாத்திரமாகிவிட்டது. சாமந்தி மேலே மிதக்கிற கொத்தமல்லி மாதிரி கிடந்தது. புதன்கிழமை எறும்பு வந்தது. எறும்பைப் பார்க்கக் காக்கை வந்தது. காக்கை இரண்டு மொட்டைக் கொத்திக்கொண்டு போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்கு ஒன்றுதான் பாக்கி.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் டாக்ஸிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சகுந்தலா சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பினாள். "வந்துருச்சுங்க. சனிக்கிழமை வர்றேன்னு சொன்ன மனுஷி ரெண்டு நாள் முன்னாடியே வந்துருச்சு!"

"நோய்னு சொல்லிரவா? பூஞ்சைக் காளான்?"

"தலைமையாசிரியைகிட்டயா? முப்பது வருஷமா பொய் கேட்டே சம்பளம் வாங்குனவங்க."

இராஜமாணிக்கம் சட்டையை மாட்டிக்கொண்டார். மகள் புத்தகத்தின் மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. தன் ஜம்பத்தால் பெண்ணின் படிப்பு தெருவில் நிற்கப் போகிறதே! இனி ஒரு பொய்யும் வேண்டாம் என்று மாடிப்படி ஏறும்போதே முடிவு செய்துவிட்டார்.

சுதேஷ்ணா தீதி தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். வேலைக்காரப் பெண் பூர்ணிமா பையோடு பின்னால் நின்றிருந்தாள்.

"தீதி, எல்லாம் என் தப்பு" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். யூரியா, வாளி, தட்டு, சுண்ணாம்பு, புளி, காக்கை, ஒன்றையும் விடவில்லை. "அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு தீதி. நான் விஞ்ஞானி இல்லை. லீவு கிளார்க்கா சேர்ந்து லீவு ஆபீசர் ஆனவன். யூரியாவை ஜாடியிலதான் பார்த்திருக்கேன். உங்க கண்ணுல பெரிய ஆளாத் தெரியணும்னு ஆசைப்பட்டுட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா மார்ச் வரைக்கும் மட்டும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லாதீங்க. பொண்ணுக்குப் பரீட்சை."

தீதி குனிந்தார். கருகின இலை ஒன்றைக் கிள்ளி, விரலில் நொறுக்கிப் பார்த்தார்.

"நீங்கள் போட்டீர்களா?"

"ஆமா தீதி."

"நீங்களே? உங்கள் கையால்?"

"என் கையாலதான். தொட்டிக்கு அரை ஸ்பூன்."

தீதி மாடிச் சுவரோரம் மெல்ல உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். இராஜமாணிக்கம் அடி விழப்போகிற பையன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

கண்ணைத் திறந்தபோது தீதி சிரித்துக்கொண்டிருந்தார்.

"மனிதன் என்றால் தப்பு நடக்கும் ராஜ்பாபு. பூதானே? அடுத்த வருஷமும் பூக்கும். மார்ச் என்ன மார்ச்? பெண் எங்கே கல்லூரியில் சேருகிறாள் என்று பார்க்க வேண்டாமா? இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொள்ளலாம். இன்றைக்கே காகிதத்தைக் கொண்டு வாருங்கள்."

இராஜமாணிக்கத்துக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகமே வந்துவிட்டது. "தம்பி மகன் வர்றதா..."

"அவன் பெங்களூரிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். பூக்காட்சிக்கு ஏன் செடி வரவில்லை என்று தெருவில் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். என்னிடம் சொன்னதை அப்படியே, அரை ஸ்பூன் உட்பட, அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்."

"வீடு வீடா ஏறிச் சொல்றேன் தீதி!"

சொன்னார். கோஷ் பாபு வீட்டிலிருந்து ஆரம்பித்து, பூக்காட்சிக் கமிட்டி செயலாளர் வரைக்கும் ஒரு வீடு விடாமல் ஏறி, தான் விஞ்ஞானி இல்லை, செடியைக் கொன்றது தான்தான் என்று வாயாரச் சொல்லிவிட்டு வந்தார். கோஷ் பாபு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போர்வைக் கணக்கை அதோடு தீர்த்துக்கொண்டு, டீ வேறு கொடுத்தார். மூன்று வருஷமாகச் சுமந்த விஞ்ஞானிப் பட்டத்தை இறக்கி வைத்ததில் இராஜமாணிக்கத்துக்கு உடம்பே பஞ்சாகிவிட்டது. சாயங்காலம் கையெழுத்தும் ஆயிற்று. சகுந்தலா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். சஹானா ராகம் போட்டுச் சூத்திரங்களைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். வீட்டில் ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு, அன்றைக்குத்தான் திரும்பி வந்தது.

இருட்டுவதற்கு முன்னால், தொட்டிகளைக் காலி செய்ய இராஜமாணிக்கம் மாடிக்குப் போனார். பூர்ணிமா புளித்தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவருக்கு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல மனசு பொங்கியது.

"பூர்ணிமா, உங்க தீதி மாதிரி ஒரு பெரிய மனசை நான் பார்த்ததே இல்லைம்மா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கடுமையாப் பேசலையே!"

பூர்ணிமா துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் படிப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"பெரிய மனசுதான் தாதா. இல்லேன்னா, நீங்க சொன்ன அந்த நாப்பத்தாறை நம்பி சனிக்கிழமை காலையில தொட்டிக்கு ரெண்டு கைப்பிடி யூரியாவைத் தன் கையாலேயே போட்டுட்டு, மத்தியானம் செடி தலை சாஞ்சதும் உங்ககிட்ட சாவியைக் கொடுத்துட்டு பூரிக்கு ஓடிப்போனவங்க, உங்க அரை ஸ்பூனை மன்னிச்சிருப்பாங்களா?"